மேல் ஸ்தாயி

ஜூன் 3

மழை வருவதுபோல் இருந்து வரவில்லை. இந்தப் புழுக்கம் சிதாருக்கு ஆகாது. போன வாரம்தான் எல்லாக் கம்பிகளையும் மாற்றினேன். அதற்குள் நாதம் மங்கிவிட்டது. வாசிக்கும் கம்பிகளுக்கு அடியில் மெல்லிய கம்பிகள் ஒரு வரிசை ஓடும். தரப் என்போம். அவற்றை யாரும் மீட்டுவதில்லை. மேலே ஒரு ஸ்வரம் பேசினால் அடியில் அதே ஸ்வரத்துக் கம்பி தானாக முனகும். அந்த முனகல் இப்போது கம்பளிக்குள்ளிருந்து வருகிறது. இனி அந்தக் கடையில் கம்பி வாங்கக் கூடாது.

ஓட்டலில் இன்று நல்ல கூட்டம். முதல் மாடி உணவகத்தில், லிஃப்டை ஒட்டி எங்களுக்கு ஒரு சின்ன மேடை. நான் சிதார், ஷம்சுதீன் தபலா. பல வருடங்களாக இதே மேடை, இதே ஜமக்காளம். பிறந்தநாள் கொண்டாடிய மேசையிலிருந்து கேக் அனுப்பினார்கள். ஷம்சு மகளுக்கென்று காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்தேன். அவ்வளவுதான் இன்று.

ஜூன் 6

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. குக்கர் விசில் அடிக்கவே இல்லை. கேஸ்கட் போயிருக்கும்.

அண்ணி குளித்துவிட்டு ஓடி வந்து, "எத்தன விசில் வந்துச்சு மணி! பக்கத்துலயேதான நிக்கிற!" என்றார். அண்ணி எதையும் கூட்டித்தான் சொல்வார். அண்ணன் போனபிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒருவரையொருவர் குறை சொல்லாவிட்டால் பேசவே ஒன்றும் இருக்காது. இப்போதெல்லாம் டிவியை வேறு ரொம்ப மெதுவாக வைத்துக்கொள்கிறார். நான் வந்து கூட்டினால் முகத்தைச் சுளிக்கிறார்.

புது கேஸ்கட் வாங்க வேண்டும்.

ஜூன் 11

தார்வாடிலிருந்து சுலபா பேசினாள். எனக்குச் சிதார் சொல்லிக்கொடுத்த குருஜியின் மகள்.

அப்பாவுக்கு ஹூப்ளியில் ரயில்வே வேலை. என் ஒன்பது வயதில் ஒரு நாள் என்னைத் தார்வாடுக்குக் கூட்டிப்போய் அந்த வீட்டில் உட்காரவைத்தார். அப்பா ஓய்வு பெற்று எல்லாரும் கோயமுத்தூர் திரும்பும்வரை என் பிள்ளைப்பிராயமும் இளமையும் அங்கேதான் போயின. குருஜி வாய் திறந்து நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தால் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம்.

ஆகஸ்டில் அவருடைய நினைவு நாள் விழா. சாயங்கால வேளையில் எனக்கு ஒரு மணி நேரம் தனியாக வாசிக்கத் தருகிறாளாம். சிக்னல் சரியில்லை. மூன்று நான்கு முறை திருப்பிக் கேட்டும் புரியாமல் போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். அண்ணிக்கு எப்படியோ எல்லாம் புரிந்தது.

போனை வைத்துவிட்டு, "உன்ன வாசிக்கக் கூப்புடறாங்க மணி. சும்மா உக்காந்து கேக்கறதுக்குன்னே வர்ற ஆளுக முன்னால," என்றார்.

எதிரே யாரும் கரண்டி பிடிக்காமல் நான் வாசித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். பிறகு துணி காயப் போட்டேன்.

ஜூன் 20

விழாவில் யமன் ராகம் வாசிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். அந்தி நேரத்துக்குப் பொருத்தம். கடைசியில் மேல் ஸ்தாயியில் ஏறி வேகமாக முடிக்கலாம், கூட்டத்துக்குப் பிடிக்கும்.

கம்பிகளைத் திரும்பவும் மாற்றினேன். வேறு கடை. கம்பிகள் படுத்திருக்கும் குதிரையையும் லேசாக ராவிப் பார்த்தேன். ஒன்றும் தெளியவில்லை. ஷம்சுவிடம், "நாதம் செத்துக் கெடக்குது பாருங்க," என்றேன். உதடு அசைந்தது, காதில் விழவில்லை. திருப்பிக் கேட்டபோது, "நல்லாத்தானுங்க்கா இருக்குது," என்றார்.

இவரும் கொஞ்ச நாளாக முணுமுணுக்கிறார். முன்பு இப்படி இல்லை. வீட்டில் ஏதாவது பிரச்சினையோ என்னவோ.

ஜூன் 21

முதுகு. வேறொன்றும் எழுதத் தெம்பில்லை.

ஜூலை 2

அண்ணியின் மகள் ஓசூருக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். பேரனைப் பார்த்து ஒரு வருடம் ஆகிறது. அண்ணி இந்தத் தடவையும் பிறகு பார்க்கலாம் என்றுவிட்டார். "உன்னயத் தனியா உட்டுப்போட்டு எப்படிப் போறது?" என்கிறார். நான் என்ன சின்னக் குழந்தையா? அவருக்குத்தான் பயணம் ஒத்துக்கொள்ளாது. அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

வாசல் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு கேஸ்காரர் திரும்பிப் போய்விட்டாராம். கீழ் வீட்டில் சொன்னார்கள். நான் உள்ளே சாதகம் செய்துகொண்டிருந்தேன். மணி அடித்திருக்கக் கூடாதா?

ஜூலை 9

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஓட்டலுக்குப் போனதும் சிதாரைச் சுருதி சேர்த்து மேடையில் வைத்துவிட்டு, பணியாளர் அறைக்குப் போய் டீ குடித்து வருவது என் வழக்கம். இன்று டீ மிஷின் பழுது. உடனே திரும்பினேன். ஷம்சு மேடையில் என் சிதாரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தண்டின் பக்கவாட்டில் இருக்கும் தரப் பிரடைகளை ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டிருந்தார். கன்னத்தைச் சாய்த்து, குடத்தின்மேல் காதை வைத்து.

"என்ன பண்ணீட்டிருக்கீங்க?"

மடியில் சிதார் இருந்ததால் அவரால் எழக்கூட முடியவில்லை. "தரப் எறங்கியிருந்துச்சுங்க்கா."

"நான் சேத்து வெச்சுட்டுத்தான போனேன்?"

அவர் பிரடையிலிருந்து கையை எடுத்தார்.

"ஷம்சு, கேக்கறேனில்ல?"

"தெனமும் எறங்கித்தானுங்க்கா இருக்குது," என்றார். இந்த முறை முணுமுணுக்கவில்லை. "போன தீவாளிக்கு முன்னாலிருந்தே. நீங்க டீக்குப் போற நேரத்துல நான் சேத்து வெச்சிருவேனுங்க."

அவர் சுண்டுவிரல் நகத்தால் கடைசித் தரப் கம்பியை, இருப்பதிலேயே மெல்லியதை, சுண்டினார். "இது கேக்குதுங்களா?"

கம்பி அதிர்ந்தது. விளக்கொளியில் அது இரண்டாகத் தெரிந்தது.

"கேக்குது," என்றேன்.

"என்ன ஸ்வரமுங்க்கா?"

லிஃப்ட் திறந்தது. ஒரு குடும்பம் வந்து இறங்கியது. நான் சிதாரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

அடுத்தவர் வாத்தியத்தைக் கேட்காமல் தொடுவது என்ன பழக்கம்? எவ்வளவு துணிச்சல்.

ஜூலை 10

காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். ஓட்டலுக்குப் போகவில்லை.

ஜூலை 12

போனேன். வாசித்தேன். ஷம்சுவோடு பேசவில்லை. டீக்கும் எழுந்து போகவில்லை. சிதாரை விட்டு அசையவே இல்லை.

வாசிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமலிருக்கத்தான் முயன்றேன். ஆனாலும் இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டேன். சாப்பாட்டில் கல் கடிபட்டவர் சபையில் காட்டிக்கொள்ளாமல் விழுங்குவாரே, அப்படி இருந்தது.

ஜூலை 15

அண்ணி என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். ஷம்சு அண்ணிக்குப் போன் பண்ணியிருக்கிறார். இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் எத்தனை நாளாகப் பேசிக்கொள்கிறார்களோ.

கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போது கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். முதலில் நன்றாகக் கேட்டது. தாழ்ந்த சத்தங்கள். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமல் இருக்காது என்று எனக்குத் தெரியும். தாளம் கணக்குப் போட்டு, இடைவெளி பார்த்து அமுக்கினேன். திரும்பவும் அமுக்கினேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கதவைத் திறந்து வந்தாள். "கேட்டா மட்டும் அமுத்துனாப் போதுமுங்கம்மா."

"கேட்டுத்தான் அமுத்துனேன்."

"இல்லீங்கம்மா. இப்ப நான் எதுவுமே போடலீங்களே," என்றாள். குரலில் கேலியே இல்லை. இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன்.

டாக்டர் காகிதத்தில் இறங்கிக்கொண்டே போகும் ஒரு கோட்டைக் காட்டினார். கீழ்ச் சத்தங்கள் ஓரளவு இருக்கின்றன. மேலே போகப் போக இரண்டு காதிலும் இல்லை. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். "எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டார்.

"ஒரு மாசமாத்தான்," என்றேன்.

"மூணு வருசமாச்சுங்க டாக்டர்," என்றார் அண்ணி. "கத்திக் கத்தி என் தொண்டயே போச்சுங்க."

வரும் வழியில் பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். கூடையில் கேஸ்கட் இருந்தது. போகும்போது வாங்கினேன்.

ஜூலை 19

காதில் மாட்டும் மிஷினை ஒரு மாதம் பழகிப் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். காக்கை, பஸ் பிரேக், அண்ணியின் ரப்பர் செருப்பு, தட்டு மேல் தட்டு. உலகம் இவ்வளவு இரைச்சலாக இருப்பது மறந்தே போயிருந்தது. அண்ணி கிசுகிசுப்பாக ஏதோ சொல்லிப் பார்த்தார். "கேட்டுச்சா?" "கேட்டுச்சு. வத்தக்கொழம்பு வெக்கட்டுமான்னீங்க." அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். வத்தக்குழம்புக்கு என்ன அழுகை.

பிறகு சிதாரை எடுத்தேன். தகர டப்பாவுக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியதுபோல் இருந்தது. ஒரு ஸ்வரம் இரண்டாக உடைந்து வந்தது. மிஷினைக் கழற்றினேன். கம்பளி. மாட்டினேன். தகரம்.

இடையில் எதுவும் இல்லை.

ஜூலை 22

மேனேஜர் ஜோயலிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் மேடையில் உட்காருவது சரியாகப் படவில்லை. வயது குறைவானாலும் மரியாதை தெரிந்த பையன். நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார்.

"அதனால என்ன மேடம்? கெஸ்ட் யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலையே."

"சுருதி விலகுதுங்க."

"சாப்பிட வர்றவங்களுக்கு அதெல்லாம் எங்க மேடம் தெரியப் போகுது? ரொம்பக் கஷ்டமா இருந்தா ரெக்கார்டிங்கப் போட்டுக்கலாம். நீங்க சும்மா கைய அசைச்சாப் போதும். நீங்க அந்த எடத்துல உக்காந்திருக்கறதுதான் அழகு."

ஆறுதலாகத்தான் சொன்னார். நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலை போகவில்லை. அண்ணியிடம் அதைச் சொன்னபோது, "அப்புறம் ஏன் இப்படி உக்காந்திருக்கிற?" என்று கேட்டார்.

ஜூலை 26

சுலபாவுக்குப் போன் பண்ணி, உடம்பு சரியில்லை, வர முடியாது என்று சொல்லும்படி அண்ணியைக் கேட்டேன்.

"ஒடம்புக்கு என்னன்னு சொல்றது?"

"ஏதாவது சொல்லுங்க. முதுகுன்னு சொல்லுங்க."

"காது கேக்கறதில்லன்னு சொன்னா என்ன? நாம என்ன திருடீட்டா வந்துட்டோம்?" அண்ணிக்கு மூச்சு வாங்கியது. "உங்க அண்ணன் எத்தன வருசம் சக்கரையை மறைச்சு வெச்சிருந்தாரு, தெரியுமல்ல? மறைச்சு என்னத்தக் கண்டாரு? நான் பொய் சொல்ல மாட்டன். வேணும்னா நீயே பேசிக்க."

போனை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் பேசவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை.

ஜூலை 28

கோட்டைமேட்டில் ஷம்சு வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து தபலாவின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி கொண்டுவந்தார். அவர் மனைவி டீ கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். நான் சண்டைக்கு வந்திருக்கிறேனோ என்று பயந்திருப்பாள்.

"தார்வாடுக்கு வர்றீங்களா?" என்றேன்.

"அங்கயே தபலாவுக்கு ஆளிருக்குதுன்னு சொன்னீங்களேக்கா."

"தபலாவுக்கு இல்ல. சுருதி சேக்க. மேடைக்குப் பின்னால. யாருக்கும் தெரியாம."

அவர் வாரை முடிச்சுப் போட்டார். "தெரியாமச் செஞ்சதுக்குத்தானுங்க்கா எங்கிட்டப் பேசாம இருந்தீங்க."

டீயைக் குடித்தேன். ஏலக்காய் போட்டிருந்தாள்.

"வர்றேனுங்க," என்றார் ஷம்சு. "உங்க பேரு கெட்டா எனக்கும் நல்லாவா இருக்கும்?"

ஆகஸ்ட் 5

யமனை விட்டுவிட்டேன். பூரியா வாசிக்கப் போகிறேன். அதுவும் அந்தி நேரத்து ராகம்தான். ஆனால் கீழேயே உலவுவது. மேலே போய் நிற்கவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. கீழ்க் கம்பிகள் எனக்கு இன்னும் கேட்கின்றன. காதுக்கு வராததும் தொடையில் சாய்ந்திருக்கும் குடத்தின் வழியாக உடம்புக்குள் வருகிறது.

ஓட்டல் நேரத்துக்கு முன்பே ஷம்சு வீட்டுக்கு வந்துவிடுகிறார். தரப்பைச் சேர்த்துத் தருகிறார். நான் அந்த நேரத்தில் அடுப்படியில் நிற்கிறேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 9

அண்ணி ஓசூருக்குக் கிளம்பிப் போனார். "நீ தார்வாடு போற அன்னைக்கு நான் இங்க ஒண்டியா என்ன பண்றது?" என்றார். பேரனுக்கு முறுக்குச் சுட்டு டின்னில் போட்டுக் கொடுத்தேன். பஸ் நகர்ந்தபிறகும் ஜன்னல் வழியாக ஏதோ சொல்லிக்கொண்டே போனார். மிஷினை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 14, தார்வாட்

முடிந்தது. தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்து விடாத மழை. பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் விழா. பின்னறையில் ஷம்சு சிதாரைச் சேர்த்துக் கொடுத்தார். வெளியே குளிர், மேடையில் பெரிய விளக்குகளின் வெக்கை. உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் கம்பிகள் இறங்கிவிட்டன. பெரிய கம்பிகளை நானே சேர்த்துவிட்டேன். தரப்புக்கு வந்தபோது ஒவ்வொரு பிரடையாகத் திருகினேன், சுண்டினேன், கேட்பதுபோல் தலையைச் சாய்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

முன்வரிசையில் சுலபா. அவள் பக்கத்தில் எங்களோடு கூடப் படித்தவர்கள், நரைத்துப்போய். நான் ஒரு பிரடையைத் திருகியபோது சுலபாவின் முகம் சுருங்கியது. எதிர்ப்பக்கம் திருகினேன். இன்னும் சுருங்கியது. அவள் முகத்தைப் பார்த்துச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த வீட்டில் நான் படித்தது இதற்குத்தானா?

கையை எடுத்துவிட்டேன். ஓரத்தில் திரைக்குப் பின்னால் ஷம்சு நின்றுகொண்டிருந்தார்.

"ஷம்சு, வாங்க," என்று கூப்பிட்டேன். சத்தமாகவே கூப்பிட்டிருப்பேன், எனக்கு அளவு தெரிவதில்லை.

அவர் வரவில்லை. வேண்டாம் என்பதுபோல் கையைக் காட்டினார். நான் சிதாரை இரண்டு கையாலும் தூக்கி அவர் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டேன். சிதார் கனம். அதற்குமேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டார்.

நான் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக் கன்னடத்தில் சொன்னேன். "எனக்கு மேல் ஸ்தாயி கேட்பதில்லை. இவருக்குக் கேட்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்."

மண்டபம் முழுவதும் பார்க்க, ஷம்சு அவசரப்படாமல் கடைசிக் கம்பிவரை சேர்த்தார். நானும் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தால் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வருடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த வருடல் எப்படி ஒலித்ததென்று எனக்குத் தெரியாது. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பூரியா வாசித்தேன். கீழேயே, தடித்த கம்பியில், நிதானமாக. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கவனிக்கவில்லை. மேலே போகக் கூடாது என்று தீர்மானம் பண்ணியிருந்தேன். கை கேட்கவில்லை. மூன்று முறை போய்விட்டது. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து மேல் ஷட்ஜத்தில் நிறுத்துவது. காது இருந்தவரை யோசிக்காமல் செய்தது. இன்று இழுத்துவிட்டு, எங்கே நிற்கிறேன் என்று தெரியாமலே நின்றேன்.

கைதட்டினார்கள். கைதட்டல் கேட்கிறது எனக்கு.

சுலபா வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றாக இருந்தது. வா, சாப்பிடலாம்," என்றாள். அவள் அப்பா அப்படிச் சொன்னதே இல்லை.

ஆகஸ்ட் 16, ரயிலில்

பெங்களூரில் வண்டி மாறினோம். மேல் பெர்த்தில் சிதாரைப் படுக்கவைத்துப் போர்வையால் சுற்றினார் ஷம்சு. சாப்பிட்டு முடித்தபிறகு மிஷினைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன்.

"மேல போனனே, சரியா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுங்க்கா."

"ஷம்சு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடி, "மொதத் தடவ எறங்கியிருந்துச்சுங்க," என்றார்.

"ரெண்டாவது?"

"அது நின்னுச்சு. கச்சிதமா நின்னுச்சு."

"மூணாவது?"

"ஏறிப் போச்சுங்க்கா."

எவ்வளவு என்று கேட்டேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு நெல் நுழையும் அளவு காட்டினார். சுருதிக்கு அது நிறைய. எனக்கு அழுகை வரும் என்று பயந்தவர்போல் என்னைப் பார்த்தார். வரவில்லை. அலுப்பாக மட்டும் இருந்தது. ஆனால் பழைய அலுப்பு இல்லை, நாள் முழுக்க வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்துவிட்டு உட்கார்ந்ததுபோல.

"இனிமே வாசிக்கறப்பவே சொல்லிருங்க," என்றேன்.

"தபலா வாசிச்சுட்டே எப்படிங்க சொல்றது?"

"தாடையில சொல்லுங்க. எறங்கியிருந்தா மேல தூக்குங்க. ஏறிட்டா எறக்குங்க."

சிரித்தார். "எல்லாரும் பாப்பாங்கக்கா."

"பாக்கட்டும்."

மடக்குக் குடையைச் சிதார்போல் மடியில் சாய்த்துக்கொண்டேன். இடது கை விரலைக் குடைத்துணியின் மடிப்பில் வைத்து இழுத்தேன். எதிர் இருக்கையில் ஒரு அம்மா சாத்துக்குடி உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஷம்சு தாழ்ந்த குரலில் ஷட்ஜம் பிடித்தார். அது எனக்குக் கேட்டது. பிறகு தாடையைச் சற்றே தூக்கினார்.

இன்னும் கொஞ்சம் இழுத்தேன். தாடை இன்னும் உயர்ந்தது. இழுத்தேன்.

"நில்லுங்க," என்றார்.

நின்றேன்.